அந்த இன்ஜின் தொழிற்சாலையில் பூட்டியதுதானா? பழைய மசில் கார்களின் அரிய இன்ஜின் வதந்திகளைச் சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

மசில் கார் என்றால் பெரிய வி8 இன்ஜின் பூட்டிய, 1960, 70-களின் அமெரிக்க வேகக் கார். 1968 மஸ்டாங்குக்காக ஃபோர்டு அச்சிட்ட விற்பனைக் கையேட்டில் 427 கன அங்குல வி8 இன்ஜின், 390 குதிரைத்திறன் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. "427 மஸ்டாங் ஒன்று இன்னார் கொட்டகையில் நிற்கிறது" என்ற பேச்சு இன்றுவரை ஓயாததற்கு அந்த ஒரு வரிதான் காரணம். ஆனால் ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளைத் தேடினால் அந்த இன்ஜினோடு வெளிவந்த 1968 மஸ்டாங் ஒன்றுகூட அகப்படவில்லை. இன்ஜின் போய்ச் சேர்ந்தது ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்குரியின் கூகர் ஜிடி-இ காருக்கு. அந்த ஆண்டின் 394 ஜிடி-இ கார்களில் 357-க்கு 427, மீதி 37-க்கு 428 கோப்ரா ஜெட் இன்ஜின்.

இதற்கு நேர் எதிரான கதை 1969 செவ்ரலே கமரோ. பொதுமக்களுக்கான எந்தக் கையேட்டிலும் 427 கமரோ கிடையாது. ஆனாலும் ஓஹையோ மாநிலத்தின் நார்வுட் ஆலையிலிருந்து 427 பூட்டிய கமரோக்கள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தன. ஆகவே, கையேட்டில் இருக்கிறது என்பதால் ஒரு இன்ஜின் உண்மையாகிவிடாது. இல்லை என்பதால் பொய்யாகியும் விடாது. தீர்ப்பு காரிலும் அந்தக் காரின் காகிதத்திலும்தான் இருக்கிறது. அதை எந்த வரிசையில் தேடுவது, எங்கே ஏமாறுவார்கள் என்பதைக் கீழே பார்க்கலாம். செலவில்லாத சோதனைகளை முதலில் வைத்திருக்கிறோம். பாதி வதந்திகள் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே விழுந்துவிடும்.

முதல் படி: வதந்தியைச் சோதிக்கக்கூடிய கேள்வியாக மாற்றுங்கள்

"பான்டியாக்கில் ராம் ஏர் 5 இன்ஜின் வந்தது" என்பதை யாராலும் சோதிக்க முடியாது. மாடல் ஆண்டு, மாடல், உடலமைப்பு (நிலையான கூரையுள்ள ஹார்டுடாப்பா, மடக்குக் கூரையுள்ள கன்வெர்ட்டிபிளா), இன்ஜினின் ஆப்ஷன் குறியீடு, கியர்பாக்ஸ், அசெம்பிளி ஆலை ஆகிய ஆறையும் சொன்னவரிடமிருந்து எழுதி வாங்குங்கள். ஆறில் நான்குகூடச் சொல்ல முடியாதவரின் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, அந்த இன்ஜின் எந்த வழியில் காருக்குள் வந்ததாகச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். வழிகள் ஐந்து. இவற்றைக் கலப்பதுதான் பெரும்பாலான சண்டைகளுக்கு வேர்.

ஒன்று, அசெம்பிளி லைனிலேயே பூட்டியது. 1970 செவ்ரலே ஷெவெலின் 454 கன அங்குல எல்எஸ்6 இன்ஜின் இப்படி வந்தது. இரண்டு, லைனில்தான் பூட்டியது, ஆனால் வழக்கமான ஆப்ஷன் பட்டியலுக்கு வெளியே, தலைமை அலுவலகத்தின் தனி ஆர்டரில். செவ்ரலேயில் இதற்குக் கோப்போ என்று பெயர். 1969 கமரோவில் கோப்போ 9561 என்பது பிளாக், அதாவது இன்ஜினின் உடற்கட்டை, இரும்பாலான எல்72 என்ற 427; கோப்போ 9560 என்பது முழு அலுமினிய இசட்எல்1 என்ற 427. மூன்று, கம்பெனியின் ஒப்பந்தக் கூடத்தில் முடித்தது. பாஸ் 429 மஸ்டாங்குகள் மிச்சிகனின் பிரைட்டனில் இருந்த கார் கிராஃப்ட் கூடத்தில்தான் முழுமை பெற்றன. நான்கு, டீலர் தன் பட்டறையில் மாற்றியது. 1967-இன் யென்கோ கமரோக்களில் 396-ஐ இறக்கி 427-ஐ ஏற்றியது பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் இருந்த யென்கோ என்ற டீலர்தான். 1969 யென்கோ கமரோவிலோ ஆலையே 427-ஐப் பூட்டி அனுப்பியது. ஒரே பெயர், இரண்டே ஆண்டு இடைவெளி, தேட வேண்டிய சான்றுகள் முற்றிலும் வேறு. ஐந்து, கம்பெனியின் சோதனைக் கார். 1970 கார்வெட்டுக்கு 460 குதிரைத்திறன் எல்எஸ்7 என்று அறிவித்தார்கள், சோதனைக் காரும் ஓடியது, ஆனால் வாடிக்கையாளர் எவருக்கும் அந்த இன்ஜினோடு கார் விற்கப்படவில்லை. டீலர் கவுண்ட்டரில் தனி இன்ஜினாக மட்டும் கிடைத்தது.

"என் மாமா 1971-இல் எல்எஸ்7 ஷெவெல் வைத்திருந்தார்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் மெய்யாகவே எல்எஸ்7-ஆக இருந்திருக்கலாம். ஆலை பூட்டவில்லை, அவ்வளவுதான். ராம் ஏர் 5 கதையும் இதே வகை: கவுண்ட்டரில் உதிரியாக விற்றார்கள், லைனில் பூட்டவில்லை.

இரண்டாம் படி: அந்த ஆண்டில் அது நடந்திருக்க முடியுமா?

செவ்ரலே, பான்டியாக் பிராண்டுகளின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தர, சிறிய கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜினைப் போடக்கூடாது என்று 1969 மாடல் வரை தனக்கே ஒரு வரம்பு வைத்திருந்தது. கார்வெட்டுக்கு விலக்கு உண்டு. கோப்போ ஆர்டர் முறை அந்த வரம்பைச் சுற்றிப் போன பாதை. ஆகவே 1968 ஷெவெலில் "சாதாரண ஆப்ஷனாக" 427 வந்தது என்றால் நம்பாதீர்கள். 1970-இல் 454 ஷெவெல் என்றால் இயல்பு.

அரிய இன்ஜினுக்குப் பெரும்பாலும் பந்தயம் ஒரு காரணமாக இருக்கும். நாஸ்கார் பந்தய விதிக்காக ஃபோர்டு 500 கார்களில் பாஸ் 429-ஐப் பூட்ட வேண்டியிருந்தது. என்எச்ஆர்ஏ அமைப்பின் நேர்கோட்டு டிராக் பந்தயத்துக்கு 50 கார்கள் போதும். இலினாய் மாநிலத்தின் லா ஹார்ப் ஊரிலிருந்த ஃப்ரெட் கிப் செவ்ரலே சரியாக 50 இசட்எல்1 கமரோக்களை ஆர்டர் செய்தது இதனால்தான். இன்ஜினுக்கு மட்டுமே 4,160 டாலர் விலை வந்ததால் பெரும்பாலானவை விற்காமல் கம்பெனிக்கே திரும்பிப் போய் வேறு டீலர்களிடம் பிரிந்தன. மொத்தம் 69 இசட்எல்1 கமரோக்கள். வதந்திக்குப் பின்னால் யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள் என்ற விடை இப்படிக் கிடைத்தால் மேலே தேடலாம். விடையே இல்லாத வதந்தி அநேகமாகக் கற்பனைதான்.

மூன்றாவது தடை புகைச் சான்று. 1968 மாடலிலிருந்து அமெரிக்கா முழுமைக்கும் புகை விதி வந்துவிட்டது. சான்று பெறாத இன்ஜினைச் சாலைக் காரில் விற்க முடியாது. 1972-க்கு கிரைஸ்லர் அறிவித்த 440 சிக்ஸ் பேக் இன்ஜின் இந்தச் சுவரில்தான் முட்டி நின்றது. ஆனால் நிறுத்தும் முன் ஒரு சில கார்கள் லைனைத் தாண்டிவிட்டன. அவற்றின் வின் எண்ணிலேயே, அதாவது சேஸிஸ் எண்ணிலேயே, அந்த இன்ஜினின் குறி இருக்கிறது. வதந்தி உண்மையென்று ஆன அபூர்வமான இடம் இது. நிரூபித்தது வாய்வார்த்தை அல்ல, வின்.

எண்ணிக்கையைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். 1970 எல்எஸ்6-க்கு 4,475 என்ற கணக்கு உண்டு. அது ஆப்ஷனின் எண்ணிக்கை. ஷெவெலும் எல் கமினோவும் அதற்குள் ஒன்றாக அடங்கும். ஹார்டுடாப் எத்தனை, கன்வெர்ட்டிபிள் எத்தனை என்று அதில் பிரிவு இல்லை. "எல்எஸ்6 கன்வெர்ட்டிபிள் இத்தனைதான்" என்று யாராவது துல்லியமாகச் சொன்னால், அந்த எண் எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: வின் எண்ணைப் படியுங்கள்

நம்மூரில் சேஸிஸ் நம்பர் என்போமே, அதுதான் வின். 1968 மாடல் முதல் டேஷ்போர்டு மேல், முன்கண்ணாடி வழியே தெரியும்படி இருக்கும்; பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம், 1968 மஸ்டாங்கில் மட்டும் பயணி பக்கம். இதை வாசிக்க ஐந்து நிமிடம் போதும்.

ஃபோர்டில் ஐந்தாவது எழுத்து இன்ஜின். 1968 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்கின் வின் 8எஃப்02எஸ் என்று தொடங்கினால்: 8 ஆண்டு, எஃப் டியர்பார்ன் ஆலை, 02 ஃபாஸ்ட்பேக், எஸ் என்பது 390. அந்தக் காருக்குள் இன்று 427 இருந்தால் அது பின்னால் ஏறியது. தொழிற்சாலை 427 என்றால் ஐந்தாம் இடத்தில் டபிள்யூ இருந்தே ஆக வேண்டும். மஸ்டாங் வதந்திகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஓர் எழுத்தில் முடிந்துவிடுகின்றன.

கிரைஸ்லரிலும் ஐந்தாம் எழுத்துதான். பிஎஸ்23ஆர்0பி என்றால் 1970 பிளிமத் குடா ஹார்டுடாப், 426 ஹெமி, ஹாம்ட்ராமிக் ஆலை. 23-க்குப் பதில் 27 இருந்தால் கன்வெர்ட்டிபிள். எழுத்தின் பொருள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதை மறக்காதீர்கள்: ஹெமிக்கு 1970, 71-இல் ஆர், 1968, 69-இல் ஜே. ஃபோர்டின் ஆர் என்பதோ 428 கோப்ரா ஜெட். அந்தந்த ஆண்டின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

செவ்ரலேயில்தான் சிக்கல். 1971 வரை வின் சொல்வது ஆறு சிலிண்டரா, வி8-ஆ என்பதை மட்டுமே. 1969 கமரோவில் 123 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர், 124 என்றால் வி8. 307-ம் 124, இசட்எல்1-ம் 124. ஆனாலும் 123-இல் தொடங்கும் "கோப்போ கமரோ" ஒன்றை யாராவது காட்டினால் அந்த நிமிடமே திரும்பிவிடலாம். 1972 மாடலிலிருந்து ஐந்தாம் எழுத்து இன்ஜினைச் சொல்லத் தொடங்கியது. 1973 ஃபயர்பேர்டில் அங்கே எக்ஸ் இருந்தால் சூப்பர் டியூட்டி 455.

செவ்ரலேயைச் சுற்றி இத்தனை வதந்திகளும் இத்தனை போலிகளும் பெருகியதற்கு இதுவே காரணம். கீழே உள்ள படிகளில் அதிக இடம் அதற்கே போகிறது.

நான்காம் படி: காகிதம்

முதலில், கம்பெனிப் பதிவு எந்த பிராண்டுக்கு உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபோர்டு, மெர்குரி, லிங்கன் கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. 1967 முதலான ஃபோர்டின் உற்பத்தித் தரவு அவர்களிடம் உரிமத்தோடு இருப்பதால், வின்னைக் கொடுத்தால் அந்தக் கார் எந்த இன்ஜின், கியர்பாக்ஸ், நிறத்தோடு வெளிவந்தது என்று வரும். பான்டியாக்குக்கு பிஎச்எஸ் எனப்படும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் 1961 முதலான தொழிற்சாலை பில்களின் நகலைத் தருகிறது. இந்த இரு பிராண்டுகளிலும் அரிய இன்ஜின் என்று விலை சொல்பவர் ரிப்போர்ட்டைக் காட்டவில்லை என்றால் நீங்களே காசு கட்டி வாங்குங்கள். காரின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. விற்பவர் கையில் கொடுக்கும் நகலை நம்பாமல் நேரடியாக வாங்குவதுதான் முறை. அச்சிட்ட காகிதத்தில் ஓர் எழுத்தை மாற்றுவது எளிது.

கிரைஸ்லரில் காருக்குக் காரான பதிவுகள் 1967 மாடல் வரைதான் கைக்கு எட்டும். அதற்குப் பின் ஃபெண்டர் டேக்கும், அந்தக் காரில் என்னென்ன பூட்ட வேண்டும் என்று ஆலை அச்சிட்ட பில்ட் ஷீட்டும்தான் துணை. ஃபெண்டர் டேக் என்பது இன்ஜின் அறைக்குள், ஓட்டுநர் பக்க உள் ஃபெண்டரில் திருகிய சிறு தகடு. அதில் இ74 இருந்தால் 426 ஹெமி, இ87 இருந்தால் 440 சிக்ஸ் பேக். திருகிய தகடு என்பதால் கழற்றி மாற்றவும் எளிது, புதிதாக அடிக்கவும் எளிது. டேக்கில் உள்ள வின், நிறம், உள்ளலங்காரக் குறிகள் எல்லாம் காரோடு ஒத்துப் போனால் மட்டுமே இன்ஜின் குறிக்கு மதிப்பு.

அமெரிக்காவில் விற்ற செவ்ரலேக்கு ஆப்ஷன் வாரியான கம்பெனிப் பதிவு கிடைக்காது. கனடாவில் முதலில் விற்கப்பட்ட கார் என்றால் அதிர்ஷ்டம்: ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவின் பதிவு உண்டு. பழைய கார்வெட்டுகளைப் புதுப்பிப்போரின் சங்கமான என்சிஆர்எஸ் தரும் அனுப்புகைத் தரவு எந்த டீலருக்கு, எப்போது போனது என்பதை மட்டும் சொல்லும். இன்ஜினைச் சொல்லாது, ஆனால் "இது யென்கோ கார்" என்ற பேச்சை உறுதிசெய்யவோ உடைக்கவோ அதுவே போதும்.

மீதி எல்லாம் காருக்குள் தேட வேண்டியவை. பில்ட் ஷீட் பெரும்பாலும் பெட்ரோல் டேங்க்கின் மேல்புறம், பின்சீட்டு ஸ்பிரிங்கில், முன்சீட்டின் அடியில், டேஷ்போர்டுக்குப் பின்னால் செருகி இருக்கும். எலி கடித்து, துரு ஏறி, மடித்தால் உடையும் நிலையில் வரும். இழுக்காதீர்கள், இருக்கும் இடத்திலேயே முதலில் படமெடுங்கள், பிறகு அட்டையை அடியில் கொடுத்துத் தூக்குங்கள். கண்டெடுத்த இடத்தின் படம் பின்னாளில் காகிதத்துக்குச் சமமான சான்று. அதிலுள்ள வின் இந்தக் காருடையதுதானா என்று பாருங்கள். லைனில் வேலை செய்தவர்கள் பக்கத்துக் காரின் தாளைச் செருகிவிட்டுப் போனது சகஜம்.

காகிதத்தின் பழமையைப் பார்க்க பத்து மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று போதும். அன்றைய அச்சு இயந்திரங்கள் எழுத்தை மையோடு தாளில் அடித்தவை. பின்பக்கம் தடவினால் மேடு தட்டும், எழுத்தின் ஓரத்தில் மை நாடாவின் நெசவு தெரியும். இன்றைய இங்க்ஜெட் என்றால் ஓரத்தில் நுண்ணிய வண்ணப் புள்ளிகள் சிதறியிருக்கும். புற ஊதா விளக்கில் தாள் நீலமாக மின்னினால் போலி என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வெளுப்பூட்டி கலந்த தாள் 1960-களிலேயே புழக்கத்தில் இருந்தது.

புதுக் காரின் கண்ணாடியில் ஆப்ஷன்களையும் விலையையும் காட்டி ஒட்டும் ஜன்னல் ஸ்டிக்கரை சான்று வரிசையில் கடைசியில் வையுங்கள். எந்தக் காருக்கும் எந்த ஆப்ஷனோடும் புதிதாக அடித்துத் தர ஆள் இருக்கிறார்கள். செவ்ரலேயின் வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டிய உலோகத் தகடான புரொடெக்ட்-ஓ-பிளேட் அதைவிட மேல். அதிலும் போலி உண்டு என்றாலும், அதில் புடைத்திருக்கும் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் குறிகளை உலோகத்தோடு ஒப்பிட வாய்ப்புக் கிடைக்கிறது.

ஐந்தாம் படி: பிளாக்கின் முத்திரை

இங்கே ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எடுத்துப் போக வேண்டியவை: நல்ல டார்ச், கைக்கண்ணாடி, காந்தம், பிளாஸ்டிக் சுரண்டி, கார்புரேட்டர் கிளீனர், பெயிண்ட் நீக்கும் ஜெல், பஞ்சுத் துணி, மெல்லிய வெள்ளைத் தாள், மென்மையான பென்சில், நெருக்கப் படம் எடுக்கும் கேமரா, காரைத் தாங்க நான்கு ஸ்டாண்டு. ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் போகவே போகாதீர்கள்.

செவ்ரலே வி8-இல் முத்திரைத் தளம் பிளாக்கின் முன்புறம், பயணி பக்க ஹெட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் சமதளம். 1969-இல் ஆல்டர்னேட்டர் அந்தப் பக்கம் வந்துவிட்டதால் தளத்தை மறைக்கும். கழற்றி ஒதுக்குவது நல்லது. பெயிண்ட்டை ஜெல்லால் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டும் கூடாது. நீங்கள் தேடும் சான்று தலைமுடி அகலக் கோடுகளில் இருக்கிறது, ஒரு தேய்ப்பில் போய்விடும்.

1969 எல்72 கமரோவில் பார்க்க வேண்டியது இது போன்ற வரி: டி0512எம்என். டி என்றால் டானவாண்டா இன்ஜின் ஆலை, 0512 என்றால் மே 12, எம்என் என்றால் கமரோவுக்கான எல்72, நான்கு கியர். ஆட்டோமேட்டிக் என்றால் எம்ஓ. இசட்எல்1-க்கு எம்எல், எம்எம். இதற்குப் பக்கத்திலோ, பெரிய பிளாக்கில் (396, 427, 454 குடும்பம்) சில சமயம் ஆயில் ஃபில்டருக்கு மேலுள்ள தளத்திலோ, 19என் என்று தொடங்கி காரின் கடைசி ஆறு இலக்கங்கள் இருக்கும்: 1 செவ்ரலே, 9 ஆண்டு, என் நார்வுட்.

இனி கூர்ந்து பாருங்கள். எம்என் போன்ற குறியில் முடியும் பின்குறி வரியை அடித்தது நியூயார்க் மாநிலத்திலுள்ள இன்ஜின் ஆலை. வின் வரியை அடித்தது ஓஹையோவிலுள்ள கார் ஆலை. ஆள் வேறு, அச்சு வேறு, அடித்த நாள் வேறு. எனவே இரண்டு வரிகளின் எழுத்துருவும் ஆழமும் சாய்வும் வேறுபடுவதே இயல்பு. இரண்டும் ஒரே கையால், ஒரே அச்சால் அழகாக அடித்தது போலிருந்தால் சந்தேகப்படுங்கள். அழகு இங்கே கெட்ட அறிகுறி.

தளத்தின் மேற்பரப்பு அதைவிட முக்கியம். ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தைச் செதுக்கிய இயந்திரம் முன்னிருந்து பின்னாக, நேராக ஓடும் நுண்ணிய இணைகோடுகளை விட்டுச் செல்லும். டார்ச்சைத் தளத்தோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தால் கோடுகள் எழுந்து தெரியும். எழுத்துகள் அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கோடுகளே இல்லாமல் பளபளப்பாக இருந்தாலோ, வட்ட வட்டமாகச் சுழன்ற தடம் இருந்தாலோ, தளத்தைப் பின்னால் செதுக்கியிருக்கிறார்கள். அது போலிக்காகவே நடந்தது என்று சொல்ல முடியாது. இன்ஜின் வேலைக்கு டெக்கை, அதாவது பிளாக்கின் மேல்தளத்தை, சீவும்போதும் இப்படித்தான் அழியும். ஆனால் சீவிய தளத்தில் பழைய எண் மட்டும் பளிச்சென்று இருந்தால், அது சீவிய பிறகு அடித்ததுதான். கோடுகளைப் போலியாக வரையும் ஆட்களும் உண்டு. அப்போது கோடுகள் எழுத்துப் பள்ளத்துக்குள்ளும் ஓடும், அல்லது ஹெட் கேஸ்கெட்டின் விளிம்பில் திடீரென நின்றுவிடும்.

ஆர்டிஓ அலுவலகத்துக்காக சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுப்பது போலவே இந்தத் தளத்தையும் தாள் வைத்துத் தேய்த்து எடுங்கள். அதோடு நான்கு திசைகளிலிருந்தும் வெளிச்சம் விழும்படி நான்கு படங்கள். தேய்ப்பில் சில சமயம் அழித்த பழைய இலக்கத்தின் நிழல் வந்து நிற்கும்.

பிளாக்கில் சிஇ என்று தொடங்கும் எண் இருந்தால் அவசரப்பட்டுப் புறந்தள்ளாதீர்கள். வாரண்டியில் செவ்ரலே மாற்றிக் கொடுத்த பிளாக் அது. பந்தயத்தில் உடைந்து வாரண்டியில் மாறிய உண்மையான கோப்போ கார்களும் உண்டு. இன்ஜின் அசல் இல்லை. கார் அசலாக இருக்கலாம். அந்தக் கேள்விக்கு மற்ற படிகள்தான் பதில் தரவேண்டும்.

ஆறாம் படி: உள்ளே இருப்பது சொன்ன அளவுதானா?

வார்ப்பு எண் தனியாக எதையும் நிரூபிக்காது. 3963512 என்ற செவ்ரலே பிளாக் 427-க்கும் போனது, 454-க்கும் போனது. அளவுதான் பேசும்.

செவ்ரலே பெரிய பிளாக்கில் 396, 402, 427 மூன்றுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், ஒன்றே: 3.76 அங்குலம். 454-க்கு மட்டும் 4.00. ஸ்பார்க் பிளக் துளை வழியே வழுவழுப்பான மெல்லிய குச்சி விட்டு, இன்ஜினைக் கையால் சுழற்றி, பிஸ்டன் மேலே வரும்போதும் கீழே போகும்போதும் அடையாளம் இடுங்கள். துளை சாய்ந்திருப்பதால் துல்லியம் வராது, ஆனால் 6 மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பிடிக்கலாம். இன்னும் எளிய வழி, கிராங்க் தண்டின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரமான டேம்பர்: 454 வெளிச் சமநிலை கொண்டது, டேம்பரில் ஒரு பக்கம் எடை கூடுதலாகத் தெரியும், 396, 427-இல் சுற்றிலும் ஒரே சீர். 396-ஐ 427-இலிருந்து பிரிக்கவோ வேறு வழி இல்லை, ஹெட்டைத் திறந்து போர், அதாவது சிலிண்டரின் விட்டம், அளக்க வேண்டும்: 4.094 அங்குலமா, 4.251-ஆ? வெறும் 0.157 அங்குலத்தில் காரின் விலை பல மடங்காகிறது. பெரிய தொகை கைமாறும் முன் ஹெட்டைத் திறக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஃபோர்டின் எஃப்இ குடும்பத்தில் 390, 427, 428 மூன்றும் வெளியே பார்க்க உடன்பிறப்புகள். 427-ஐக் காட்டிக்கொடுப்பது கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் கேப்புகளைப் பக்கவாட்டிலிருந்து பிடிக்கும் குறுக்கு போல்ட்டுகள். பிளாக்கின் அடிப்பக்க ஓரத்தில் அவற்றின் தலைகள் வெளியே தெரியும். 390-இலும் 428-இலும் அவை இல்லை. பழைய 406-இன் கடைசிக்கால பிளாக்குகளில் உண்டு என்பதால், இருந்தால் மேலும் அளக்க வேண்டும். இல்லையென்றால் சோதனை முடிந்தது.

இசட்எல்1-க்குக் காந்தம். இன்ஜின் ஆரஞ்சுப் பெயிண்ட்டில் இருந்தாலும் அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டவில்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். இதே வடிவத்தில் பின்னாளில் வார்த்த அலுமினிய பிளாக்குகள் சந்தையில் இருக்கின்றன.

ஏழாம் படி: தேதிகளை ஒரே கோட்டில் வையுங்கள்

வார்ப்பு, இன்ஜின் அசெம்பிளி, கார் அசெம்பிளி. வரிசை இதுதான், மாறாது. செவ்ரலே வார்ப்புத் தேதியில் எழுத்து மாதம், அடுத்து நாள், கடைசியில் ஆண்டு: இ89 என்றால் 1969 மே 8. ஃபோர்டில் ஆண்டு முன்னால் வரும்: 8டி15 என்றால் 1968 ஏப்ரல் 15. மன்சி நான்கு கியர் பெட்டியில் பி9இ12பி என்றிருந்தால் 1969 மே 12, கடைசி பி என்பது எம்21 வகை. ஆக்சில் குழாயின் பயணி பக்கம் குறியும் தேதியும் உண்டு. 1969 கோப்போ கமரோவில் அது பிஇ, அதாவது 4.10 விகிதத்தில் இரு பின்சக்கரங்களுக்கும் சேர்த்து விசை தரும் பாசிட்ராக்‌ஷன். இன்ஜின் அறைக்கும் பயணி அறைக்கும் இடைச்சுவரான ஃபயர்வாலில் உள்ள ட்ரிம் டேக் என்ற தகட்டில் 05சி என்றால் மே மூன்றாம் வாரத்து உடல்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அடுக்குங்கள். வார்ப்புக்கும் காருக்கும் இடையே சில நாள் முதல் ஓரிரு மாதம் வரை இயல்பு. அரை ஆண்டு இடைவெளி என்றால் விளக்கம் வேண்டும். பல மாதம் விற்காமல் கிடந்த கார் என்பது விளக்கமாகாது, ஏனெனில் ஆலைத் தேதிகள் அதனால் மாறுவதில்லை. கார் முடிந்த தேதிக்குப் பின் வார்த்த பாகம் எதுவாயினும் அது அசல் இல்லை, பேச்சே வேண்டாம்.

எட்டாம் படி: இன்ஜினைச் சுற்றியிருப்பவை

போலி செய்பவர் இன்ஜினுக்குப் பணம் செலவழிப்பார். அதைச் சுற்றியுள்ள நூறு சிறு பாகங்களில்தான் அகப்படுவார். நார்வுட் ஆலை 1968 டிசம்பர் வாக்கில் ட்ரிம் டேக்கில் எக்ஸ் குறிகளை அடிக்கத் தொடங்கியது. கோப்போ கமரோவில் அது எக்ஸ்11 அல்லது எக்ஸ்44 ஆக இருக்கும். எக்ஸ்66 என்றால் எஸ்எஸ்396. எக்ஸ்33, எக்ஸ்77 என்றால் இசட்28. இந்த இரண்டும் வழக்கமான ஆப்ஷன் கமரோக்கள். எக்ஸ்77 டேக் உள்ள காரைக் கோப்போ என்று விற்க வருவோர் உண்டு. கமரோ தயாரித்த இன்னொரு ஆலையான வான் நைஸ் இந்த எக்ஸ் குறிகளைப் பயன்படுத்தவே இல்லை.

கோப்போ காருக்கு முன்சக்கரப் பவர் டிஸ்க் பிரேக், கனரக ரேடியேட்டர், பன்னிரண்டு போல்ட் ஆக்சில் எல்லாம் சேர்ந்தே வந்தன. வெளியே 427 என்று எந்தச் சின்னமும் இல்லை. ஃபெண்டரில் எஸ்எஸ் சின்னத்துக்கான துளைகளை மூடிய தடம் உள்பக்கம் தெரிந்தால் கார் எஸ்எஸ் ஆகப் பிறந்தது. கார்புரேட்டரின் லிஸ்ட் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்72 கமரோவுக்கு ஹாலி 4346. இவை எல்லாம் கழற்றிப் பூட்டக்கூடியவை என்பதால் தனித்தனியே சிறு சான்றுகள். ஒன்றுகூட இல்லாத கார் மட்டும் பெரிய எச்சரிக்கை.

கடைசியாக, காரே அந்தக் கார்தானா? வின் தகடு ரோஜா இதழ் வடிவத் தலையுள்ள ரிவெட்டுகளில் இருக்க வேண்டும். 1969 கமரோவில் மறைவான வின் முத்திரைகள் இரண்டு இடத்தில்: கண்ணாடிக்குக் கீழுள்ள கவுல் மூடியின் அடியிலும், ஃபயர்வாலில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னாலும். மஸ்டாங்கில் இன்ஜின் அறையின் உள் ஃபெண்டர்களில், ஃபெண்டர் விளிம்பு மறைக்கும் இடத்தில். கிரைஸ்லரில் ரேடியேட்டர் தாங்கியின் மேலும் உடலிலும். இவை தகட்டோடு ஒத்துவராவிட்டால் இன்ஜினைப் பற்றிய கேள்வியே பின்னுக்குப் போகிறது. வின் தகட்டை மாற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அந்தக் காரில் பணம் போடாமல் விலகுங்கள்.

ஒன்பதாம் படி: கண்டதை எழுதி வையுங்கள்

மூன்று முடிவுகளில் ஒன்றைத்தான் எழுத முடியும். "ஆவணத்தால் உறுதி": வின்னோ கம்பெனிப் பதிவோ இந்தக் காரின் பில்ட் ஷீட்டோ இன்ஜினைச் சொல்கிறது, உலோகமும் ஒத்துவருகிறது. "தடயங்கள் ஒத்துவருகின்றன, ஆவணம் இல்லை": முத்திரை, தேதி, சுற்றுப் பாகங்கள் சரி, காகிதம் தொலைந்துவிட்டது. நல்ல செவ்ரலேகள் பல இந்த இடத்தில்தான் நிற்கின்றன, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விலையை மட்டும் அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள். "ஒத்துவரவில்லை": எந்த இடத்தில், எந்த எண்ணில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "அநேகமாக உண்மை" என்று எழுதினால் இரண்டு கை மாறுவதற்குள் அது "உண்மை" ஆகிவிடும். புது வதந்திகள் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன.

படங்களைத் தேதியோடு, வெட்டாமல், திருத்தாமல் இரண்டு இடங்களில் சேமியுங்கள். இணையத்தில் போடும்போது முத்திரைத் தளத்தின் வின் வரியில் கடைசி மூன்று இலக்கங்களை மறையுங்கள், பின்குறி வரியின் நெருக்கப் படத்தை முழுத் தெளிவில் போடாதீர்கள். எழுத்துருவைப் பார்த்து அச்சு வெட்டுபவர்களுக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.